கடைசியாகப் பயன்பட்ட நாள்

நகுரா தீவு
1997 பிப்ரவரி 9

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி தமோட்சுவுக்கு, அக்கா கிகுனோ எழுதுவது.

இங்கே குளிர் இன்னும் விடவில்லை. பாதை முழுக்கக் கமேலியாப் பூ முழுசு முழுசாக உதிர்ந்து கிடக்கிறது. என் முழங்கால் பழையபடிதான், மற்றபடி சுகம். உன் உடம்பு எப்படி? உன் புத்தாண்டு அட்டையில் இருந்த முகவரிக்கே எழுதுகிறேன். வீடு மாறியிருந்தால் கடிதம் திரும்பி வரும், அவ்வளவுதானே.

சேதி இதுதான். நம் கோயிலில் பூசை நின்றுவிட்டது. தீவில் இப்போது இருபத்தாறு பேர். பெரிய தீவிலிருந்து சாமியார் இனிமேல் வருஷத்துக்கு ஒருமுறை, ஈஸ்டர் பாஸ்காவுக்கு மட்டும் வருவாராம். ஆளில்லாத கோயிலில் பொருளை வைத்தால் உப்புக்காற்று தின்றுவிடும், திருட்டும் போகும் என்று எல்லாவற்றையும் மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறைக்கு மாற்றிவிட்டோம். ஊராட்சி அதற்கு 'நகுரா தேவாலயப் பொருட்காட்சி அறை' என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறது. சாவி என்னிடம். கோயிலுக்கு முப்பது வருஷம் துடைத்துப் பெருக்கியவள் இதையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஊராட்சியிலிருந்து வரும் கோண்டா நம் வேதக்காரர் இல்லை. நற்கருணை வைக்கும் கதிர்ப்பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல பல்பு எங்க மாட்டுவீங்க?" என்று கேட்டார். நல்ல மனுஷர். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதச் சொல்லியிருக்கிறார். பொருளின் பெயர், யார் செய்தது, யார் கொடுத்தது, யார் பயன்படுத்தியது, கடைசியாகப் பயன்பட்ட நாள். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாதாம்.

மூன்று அட்டைக்கு உன்னைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்று, உன் குருப்பட்டத்துக்கு ஊரார் சேர்ந்து செய்துகொடுத்த வெள்ளிக் கிண்ணம். இரண்டு, அம்மா தைத்த வெள்ளைப் பூசை உடுப்பு. நீ குருத்துவத்தை விட்டுப் போனதும் இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டியது, இப்போதுதான் எடுத்தேன். மூன்றாவது, சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொண்டுபோகும் அவஸ்தைப் பெட்டி.

உனக்குத் தெரிந்ததை எழுது. குளிரில் வெளியே போனால் கழுத்தை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
அக்கா கிகுனோ


சகாய் நகரம்
1997 மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு, தமோட்சு வணக்கத்துடன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? இங்கே நாங்கள் சுகம். சைக்கிள் உதிரிபாகக் கிடங்கில்தான் இன்னும் வேலை. இரண்டு வருஷத்தில் ஓய்வு.

கேட்டவை: கிண்ணம் கியோட்டோவில் செய்தது, 1967 மார்ச். கொடுத்தவர்கள் நகுரா ஊரார். பயன்படுத்தியவர் என்ற இடத்தில் 'ஒரு குரு' என்று போட்டால் போதும். உடுப்பு அம்மா தைத்தது. ஓரத்துச் சித்திர வேலைக்கு அவள் கல்யாணக் கச்சையைத்தான் வெட்டினாள். அதை எழுதலாம்.

பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஹட்சுயே உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். காற்றடிக்கும் நாளில் பள்ளிக்கூடத்து மேடு ஏறாதே.

தமோட்சு


நகுரா தீவு
1997 மார்ச் 20

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே தவக்காலம். பூசையில்லாமல் ஒரு தவக்காலம் இதுதான் முதல் தடவை.

உன் விவரங்களைப் போன ஞாயிறு ஊர்க்கூட்டத்தில் வாசித்தேன். 'ஒரு குரு' என்றதும் படகுக்கார கியூஹெய் மாமா தொடையில் தட்டினார். "சரியாத்தான் சொல்லிருக்கான். ஓடிப்போனவன் பேர அட்டையில எழுதி, வர்றவன் போறவன் கிட்டல்லாம் காட்டணுமா?"

மட்சுயோ அக்கா விடவில்லை. "ஏன் எழுதக் கூடாது? எங்க வீட்டுக்காரரு அந்தக் கிண்ணத்துக்காக ஒரு காலம் முழுக்கக் கணவாய் மீன் காயப்போட்டாரு. யாருக்குக் குடுத்தோம்னாவது தெரிய வேணாமா? பூதத்துக்கா குடுத்தோம்?"

"பூதமா இருந்திருந்தா தேவலையே. பொண்டாட்டி கட்டியிருக்காதுல்ல."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோண்டா மட்டும் ஒன்றும் புரியாமல் டீயை ஊற்றிக்கொண்டேயிருந்தார். முடிவு ஒன்றும் எடுக்கவில்லை.

அவஸ்தைப் பெட்டியைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருந்தாய். சாமியார்கள் தங்களுடைய பெட்டியோடுதான் படகேறுவார்கள். இது அவசரத்துக்கென்று பீடத்துப் பின்னறை சக்ரீஸ்தில் வைத்திருந்தது. 1986 செப்டம்பரில் நான் அதை நம் வீட்டுக்கு எடுத்துவந்தேன். திரும்பக் கொண்டுபோய் வைத்ததும் நான்தான். அதன் பிறகு தொடவில்லை. இப்போது திறந்தால் சாமியார் கழுத்தில் போடும் தோள்பட்டி ஊதாப்பக்கம் வெளியே தெரிய மடிந்திருக்கிறது. நான் எப்போதும் வெள்ளைப்பக்கம் தெரியத்தான் மடிப்பேன். பஞ்சு ஒன்று எண்ணெய் பட்டுக் காய்ந்து கிடக்கிறது.

ஆனாலும் அம்மா அவஸ்தைப்பூசுதல் இல்லாமல், பாவசங்கீர்த்தனம் இல்லாமல்தானே போனாள். அந்தக் கட்டத்தில் என்ன எழுத?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா கிகுனோ


நகுரா தீவு
1997 ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. சுகமா? என் போன கடிதம் கிடைத்ததா, தெரியவில்லை. மூன்று மாதமாயிற்று. படகு தவறவிட்ட தபாலும் உண்டு.

அம்மா தைத்த உடுப்பில் பூஞ்சை வந்துவிட்டது. தோளருகே ஒரு கைப்பிடி அளவு சாம்பல் புள்ளிகள். நல்ல வேளையாக அந்த வாரம் நகரத்துப் பொருட்காட்சிச் சாலையிலிருந்து மினேகிஷி என்ற பெண் பயிற்சி கொடுக்க வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும், கண்டிப்பு. வெயிலில் போடாதே, சோப்புப் போடாதே, மென்தூரிகையால் ஒரே பக்கமாகத் தட்டு என்று பக்கத்தில் நின்று செய்யவைத்தாள். மடிப்பில் காகிதம் சுருட்டி வைக்கச் சொன்னாள், இல்லாவிட்டால் பட்டு அந்த இடத்திலேயே வெட்டிக்கொள்ளுமாம். புள்ளி முழுக்கப் போகவில்லை. "போகாதும்மா. இனிமே பரவாம பாத்துக்கறது மட்டுந்தான் நம்ம கையில இருக்கு" என்றாள்.

கிண்ணத்தை விளக்கக் கூடாது என்றும் சட்டம் போட்டுவிட்டாள். ஒவ்வொரு தடவை விளக்கும்போதும் கொஞ்சம் வெள்ளி போகிறதாம். இப்போது அது அடுப்படிச் சட்டி மாதிரி கறுத்து நிற்கிறது. மட்சுயோ அக்கா வந்து பார்த்துவிட்டு, "கிகுனோ, உனக்கு அவ்வளவு சோம்பலா? என்கிட்டக் குடு, சாம்பல் போட்டுத் தேச்சுத் தர்றேன்" என்று சண்டைக்கு வந்தாள்.

பார்க்க வருகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேர். மீன்பிடிக்க வந்து மழையில் மாட்டிக்கொண்டவர்கள்.

கூட்டத்தில் நானும் சிரித்தேன் என்று எழுதியிருந்தேன். அதை எழுதியிருக்க வேண்டியதில்லை. ஈரத்தில் நனையாதே.

அக்கா


சகாய் நகரம்
1997 ஜூலை 13

மரியாதைக்குரிய மதினிக்கு, ஹட்சுயே வணங்கி எழுதிக்கொள்வது.

வெயில் கடுமையாக இருக்கும் இந்த நாளில் தாங்கள் நலமாக இருக்க வேண்டும். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் இதுதான் நான் தங்களுக்கு எழுதும் முதல் கடிதம். தவறாக நினைக்க வேண்டாம்.

தங்கள் கடிதங்கள் இரண்டும் வந்தன. அவர் நலம். வயிற்றில் ஏதோ மந்தம் என்று பரிசோதனைக்குப் போய்வருகிறார். வெயில் காலத்தில் எல்லாருக்கும் வருவதுதான்.

மார்ச்சில் வந்த கடிதத்தைத் தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார். துவைக்கும்போது எடுத்து வைத்தால் ஈரம் காயுமுன் தேடுகிறார். "பதில் எழுதறதுதானே" என்றால், "என்னன்னு எழுத" என்கிறார்.

மதினி, நான் அதிகம் படித்தவள் இல்லை. அவர் பங்குச் சாமியாராக இருந்த ஊரில் மழலைப் பள்ளிக்கூடத்துக்குச் சமைத்துப்போட்டவள். என்னால்தான் அவர் வெளியே வந்தார் என்று தாங்கள் எல்லோரும் நினைப்பது எனக்குத் தெரியும். அதற்கு நான் சமாதானம் சொல்ல வரவில்லை. ஆனால் அத்தை இறந்தபோது அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் திரும்பி வந்த அன்று ஈரச் செருப்போடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார், நான்தான் கழற்றினேன். அந்தக் காய்ந்த பஞ்சைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்தபோதும் அதே முகம்.

எனக்குச் சொல்லலாமென்றால் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹட்சுயே


நகுரா தீவு
1997 ஆகஸ்ட் 3

ஹட்சுயேவுக்கு, கிகுனோ எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன். நீயும் சுகமாக இரு. அவன் வயிற்றுக்குக் கஞ்சி வைத்து உப்பு ஊறுகாயோடு கொடு, சின்ன வயதிலிருந்தே அதுதான் கேட்கும்.

கேட்டாய், சொல்கிறேன். அம்மாவுக்கு நுரையீரலில் சளி கட்டி, பிழைக்கமாட்டாள் என்று ஆனது. தந்தி கொடுத்தேன். அவன் வந்தான். வந்த மறுநாளே புயல். இரண்டு நாள் படகு இல்லை, தொலைபேசி இல்லை. சாமியார் பெரிய தீவில்.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "தமோட்சு, நீ சாமியாருதானேடா. என் பாவத்தக் கேளு" என்றாள்.

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "என்னால முடியாதும்மா. எனக்கு அந்த உரிமை இல்ல" என்றான்.

நான் புயலில் கோயிலுக்கு ஓடிப்போய் அவஸ்தைப் பெட்டியை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தேன். "டேய், கேக்கறது உன்னப் பெத்தவடா." அவன் பெட்டியைப் பாயில் தள்ளி வைத்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கியூஹெய் மாமாவைக் கெஞ்சியாவது படகை எடுக்கவைக்கிறேன் என்று துறைக்குப் போனேன். அரை மணி நேரம் அவரோடு கத்தினேன். எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது அம்மா போயிருந்தாள். அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். பெட்டி மூடியிருந்தது.

ஒரு வருஷம் கழித்து ஒரு சாமியார் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: சாகிற நேரத்தில் குருத்துவத்தை விட்டுப்போனவர்கூடப் பாவமன்னிப்புக் கொடுக்கலாம், திருச்சபை தடுப்பதில்லை என்று. ஆறு வருஷம் குருமடத்தில் படித்தவனுக்கு அது தெரியாதா? அன்றிலிருந்து அவனுக்குப் புத்தாண்டு அட்டை மட்டும்தான் போட்டேன்.

இதை அவனிடம் காட்டு, அல்லது எரித்துவிடு. வெயிலில் அலையாதே.

கிகுனோ


சகாய் நகரம்
1997 அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

காற்றில் குளிர் வந்துவிட்டது. அங்கே கிழங்கு வற்றல் போட ஆரம்பித்திருப்பீர்கள். சுகம்தானே? கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். படுத்துக்கொண்டு எழுதுகிறேன், சோம்பல்தான்.

ஹட்சுயே உன் கடிதத்தை எரிக்கவில்லை.

நீ எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. நீ வாசலைத் தாண்டிய பிறகு நடந்தது மட்டும் அதில் இல்லை.

அந்தச் சட்டம் எனக்குத் தெரியும். தேர்வில் கேட்டு எழுதியிருக்கிறேன். உரிமை இல்லை என்றது சாக்கு. அம்மாவின் பாவத்தைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் என்ன பாவம் செய்திருக்கப்போகிறாள், அக்கா? கடலோரத்தில் கணவாய் கழுவிக்கொண்டே ஜெபமாலை சொன்னவள். அவள் வாயைத் திறந்தால் வருவது, 'என் மகனை என்னால் மன்னிக்க முடியவில்லை' என்பதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதைக் கேட்டு, அதற்கு நானே மன்னிப்பும் கொடுக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

நீ போனதும் அம்மா, "சரி, விடுடா. கொஞ்சம் தண்ணி குடு" என்றாள். கரண்டியால் கொடுத்தேன். இரண்டு கரண்டி குடித்தாள். அப்போது அடுப்படிப் பக்கத்துப் பலகைக் கதவு காற்றில் பிய்ந்து அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. எழுந்துபோய் ஆணி அடித்தேன். நான்கு நிமிடம் இருக்கும். உண்மையைச் சொன்னால் இரண்டு ஆணியில் நின்றிருக்கும், நான் ஐந்து அடித்தேன். திரும்பி வந்தபோது அவள் வாய் திறந்திருந்தது. மூச்சு தெரியவில்லை.

பெட்டியைத் திறந்தேன். தோள்பட்டியைப் போட்டுக்கொண்டேன். கை தானாகச் செய்தது. செத்தாரா உயிரோடிருக்கிறாரா என்று தெரியாதவர்களுக்கென்று ஒரு வாசகம் உண்டு, 'நீ உயிரோடிருந்தால்' என்று தொடங்கும். அதைச் சொல்லிப் பாவமன்னிப்புக் கொடுத்தேன். நெற்றியில் எண்ணெய் பூசினேன். பிறகு உன் காலடிச் சத்தம் கேட்டது. வெட்கமாக இருந்தது. அவசரமாக மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

அவள் அப்போது உயிரோடு இருந்தாளா என்று எனக்குத் தெரியாது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லியிருக்கலாம். 'நடந்தது' என்று சொன்னால் பொய்யாகிவிடுமோ என்றும், 'நடக்கவில்லை' என்று நீ நினைத்துக்கொள்வதுதான் எனக்குத் தகும் என்றும் இருந்துவிட்டேன்.

அட்டையில் என்ன எழுதுவது என்பதை நீயே முடிவுசெய். இதற்கு ஒரு வரி பதில் போட்டால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தமோட்சு


சகாய் நகரம்
1997 டிசம்பர் 7

மரியாதைக்குரிய மதினிக்கு, ஹட்சுயே எழுதிக்கொள்வது.

ஆண்டு முடியப்போகிறது. தாங்கள் நலமா? அனுப்பிய கிழங்கு மோச்சிப் பலகாரம் வந்தது. அவருக்கென்று மெல்லியதாக அறுத்து வாட்டிக் கொடுத்தேன். ஒரு துண்டு சாப்பிட்டார். பொட்டலத்துக்குள் கடிதம் இருக்கிறதா என்று காகிதத்தையெல்லாம் பிரித்துப் பார்த்தார்.

தினமும் தபால் வரும் நேரத்துக்கு, "வந்துச்சா?" என்று கேட்கிறார். மின்கட்டண ரசீதுதான் என்றால், "சரி, கடல் மோசமா இருக்கும். படகு வந்திருக்காது" என்கிறார்.

வேறு விசேஷமில்லை. வேறு எதுவும் எழுதக் கூடாது என்பது அவர் உத்தரவு. தங்களால் முடிந்தால் வானிலையைப் பற்றியாவது நாலு வரி எழுதிப்போடுங்கள்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹட்சுயே


நகுரா தீவு
1998 ஜனவரி 11

சேசு மரி சூசை துணை

அன்புள்ள தம்பி தமோட்சுவுக்கு,

புத்தாண்டு பிறந்துவிட்டது. உனக்கும் ஹட்சுயேவுக்கும் நல்லதாக அமையட்டும். உன் வயிறு இப்போது எப்படி? நான் சுகம்.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் உன்னைத் திட்டியிருந்தேன். பதினோரு வருஷம் உன்னை வெறுக்கவிட்டு வேடிக்கை பார்த்தாயே என்று. இரண்டாவதில் அழுதிருந்தேன். மூன்றாவது பரவாயில்லாமல் இருந்தது, ஆனால் அம்மாவைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு என்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று பிறகு பட்டது. அதனால் அதையும் கிழித்தேன்.

உனக்கு ஐந்து ஆணி என்றால் எனக்குத் துறை. அந்தக் கடலில் படகு போகாது என்று எனக்கே தெரியும். தெரிந்துதான் போனேன். அம்மா சாவதைப் பார்த்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கோபம் வந்தது, நல்லதாய்ப் போயிற்று என்று கிளம்பிவிட்டேன். அவளை விட்டுப் போனது நீ மட்டுமில்லை.

நவம்பரில் முழங்காலைக் காட்டப் பெரிய தீவுக்குப் போனபோது சாமியாரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். "மூச்சு நின்னதும் எல்லாம் முடிஞ்சிடறதில்லம்மா. காது கடைசியாத்தான் அடங்கும்னு டாக்டருங்களே சொல்றாங்க. கேட்டிருக்கும்னு நம்புங்க" என்றார். நம்பப் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது.

நேற்று அட்டையை எழுதினேன். அவஸ்தைப் பெட்டி. கடைசியாகப் பயன்பட்ட நாள்: 1986 செப்டம்பர் 18. பயன்படுத்தியவர்: குரு தமோட்சு, தன் தாய்க்கு. கோண்டா வாங்கிப் படித்துவிட்டுத் திரும்ப என் கையிலேயே கொடுத்தார். பிறகு, "அக்கா, இத நான் தட்டச்சு அடிக்கல. உங்க கையெழுத்துலயே இருக்கட்டும்" என்றார். கிண்ணத்து அட்டையிலும் உன் பெயரைப் போட்டுவிட்டேன். கியூஹெய் மாமா கத்தினால் கத்தட்டும்.

பாஸ்காவுக்கு வா. ஹட்சுயேவையும் கூட்டிக்கொண்டு வா. இரண்டு பேருக்கும் மெத்தை இருக்கிறது. உன்மேல் எனக்கு ஒன்றுமில்லை, தமோட்சு. வா.

அக்கா


சகாய் நகரம்
1998 ஜனவரி 21

மரியாதைக்குரிய மதினிக்கு, ஹட்சுயே வணங்கி எழுதிக்கொள்வது.

இந்தக் குளிரில் தாங்கள் திடமாக இருக்க வேண்டும்.

தந்தியில் எல்லாம் சொல்ல முடியவில்லை. அவருக்குக் கணையத்தில் புற்று. ஜூலையிலேயே தெரியும். சொல்லக் கூடாது என்றார். "பாவம் பாத்து எழுதற கடிதம் எனக்கு வேணாம்" என்றார். நான் கட்டுப்பட்டேன். டிசம்பரில் தங்களுக்கு எழுதும்போது பேனா அந்த வார்த்தைக்கே போயிற்று. எழுதியிருக்க வேண்டும். அது என் தப்பு.

பதினாறாம் தேதி காலை ஆறு மணிக்கு மருத்துவமனையில் இறந்தார். ஒன்பது மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பத்தே முக்காலுக்குத் தபால் வந்தது. தங்கள் எழுத்து.

பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். சவப்பெட்டிக்காரர்கள் வாசலில் நின்று, "அம்மா, நேரமாகுது" என்றார்கள். "கடிதம் வந்திருக்கு. படிச்சு முடிச்சிடறேன்" என்றேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். மெத்தை இருக்கிறது என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். நான் தங்கள் வேதத்தில் சேர்ந்தவள் இல்லை. இதற்கெல்லாம் கணக்கு உண்டா என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸ் சமயத்தில், "உங்க சாமியார யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். "அக்கா கடிதம் வரட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார். ஜனவரியிலும் கேட்டேன். அதையேதான் சொன்னார். கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை. இதைத் தங்களிடம் மறைக்கலாமா என்று யோசித்தேன். மறைத்தது போதும் என்று எழுதுகிறேன். குத்திக்காட்ட எழுதவில்லை.

அஸ்தி வீட்டில் இருக்கிறது. அவரை நகுராவில் புதைக்க ஊரார் விடுவார்களா? விடாவிட்டால் இங்கேயே ஓர் இடம் பார்க்கிறேன். வருத்தப்பட மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஹட்சுயே


நகுரா தீவு
1998 பிப்ரவரி 8

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஹட்சுயேவுக்கு, மதினி எழுதுவது.

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

நீ மறைக்காமல் எழுதியது நல்லது. நான் எதற்காகத் தாமதித்தேன் என்று இனி எவ்வளவு சொன்னாலும், அவன் காத்திருந்தான், நான் கடிதங்களைக் கிழித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் மிச்சம். உன் தப்பு என்று ஒன்றும் இல்லை. படித்துக்காட்டினாயே. அதற்கு நான் என்ன கைம்மாறு செய்ய?

ஊர்க்கூட்டம் போட்டேன். உன் கடிதத்தை வாசிக்கவில்லை, அது என்னுடையது. அவன் இறந்துவிட்டான், இங்கே புதைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கியூஹெய் மாமாதான் முதலில் வாயைத் திறந்தார். மறுக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"கிகுனோ, உங்கம்மா போன அன்னைக்கு ரெண்டு மணிக்குக் காத்து கொஞ்சம் விட்டுச்சு. ஒரு மணி நேரம் விட்டிருக்கும். அந்த நேரத்துல நான் போயிருக்கலாம். எனக்குப் பயம். போகலன்னு ஊர் என்னத் திட்டிடுமோன்னு அவனத் திட்டிக்கிட்டே இருந்தேன்" என்றார். எண்பது வயது மனுஷர், சபையில் எல்லாருக்கும் முன்னால். மட்சுயோ அக்கா கைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். தெரிந்து என்ன செய்ய?

இடம் கொடுத்துவிட்டார்கள். அம்மா பக்கத்தில் இல்லை. அங்கே மண் சரிந்துவிட்டது. கீழ் வரிசையில், கடலைப் பார்த்த மாதிரி. இரண்டு வீட்டார் இன்னும் முனகுகிறார்கள். முனகட்டும். சாமியார் பாஸ்காவுக்கு முன்பே வந்து மந்திரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

படகு செவ்வாயும் வெள்ளியும். அவனைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்த்தட்டில் உட்கார், மேலே ஆட்டம் அதிகம். துறையில் நான் நிற்பேன். பள்ளிக்கூட அறையை ஒரு வாரம் பூட்டிவைக்கிறேன் என்று கோண்டாவிடம் சொல்லிவிட்டேன். புதைத்த மறுநாளே ஓடாதே, நிறைய நாள் இரு.

பதினேழு வருஷம் அவன் எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியாது. என்ன சாப்பிட்டான், கிடங்கில் யாரோடு பழகினான், சிரிப்பானா. எல்லாம் எனக்குச் சொல். ஆனால் எழுதாதே, ஹட்சுயே. நேரில் வந்து சொல். கடிதத்துக்குப் பதில் போடுவதில் நான் நல்லவள் இல்லை.

மதினி கிகுனோ